தட்டையான பாதை, 297 கிலோமீட்டர்: ஒரு கால்வாய் சைக்கிள் பயணத்தின் ஆய்வு

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊரிலிருந்து வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் வரை, செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாயை ஒட்டிய பாதையில் நான்கு நாளில் சைக்கிளில் வருவதற்கு மூன்று பேர் திட்டம் போட்டோம். இரண்டு பேர் முடித்தோம். ஒருவர் மூன்றாம் நாள் சாயங்காலம் வலது கை விரல்களில் பலம் குறைந்துபோய் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியது சரியான முடிவு. அந்த நிலை வரை போனதற்குத் திட்டம் போட்ட நான்தான் பெரும்பாலும் காரணம் என்பதால், ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன்.

பின்னணி

மூன்று பேரில் மூத்தவருக்கு 52 வயது. வாரக் கடைசியில் தார்ச்சாலையில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர், நல்ல உடல்வாகு, சர்க்கரை கிடையாது. இளையவர் அவருடைய அக்கா மகன், 24 வயது. மூன்றாவது ஆள் நான், 41 வயது. பாதை, ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டுத் தந்தவன் நான். இதற்கு முன் நீண்ட பயணம் போன அனுபவம் எனக்கு மட்டும்தான், அதுவும் தார்ச்சாலையில்.

இந்தப் பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1828-இல் வெட்டத் தொடங்கி 1850-இல் கம்பர்லாந்து வரை வந்து சேர்ந்த கால்வாய் இது. நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துப் போயின, அந்தக் கழுதைகள் நடந்த கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பிறகு இதன் மேலேயே மோட்டார் சாலை போடலாம் என்ற யோசனை வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் முழுப் பாதையையும் நடந்து காட்டி அதை எதிர்த்தார். 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. மொத்தம் 184.5 மைல். கம்பர்லாந்து ஜார்ஜ்டவுனைவிட 605 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தை 74 லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுகள், படிப்படியாக இறக்கிக் கொடுத்தன. சைக்கிளில் வருகிறவருக்கு லாக் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன இறக்கம் தெரியும், மற்றபடி பாதை தட்டை.

இந்தத் தட்டை என்ற சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். ஏற்றம் இல்லை என்றால் சுலபம் என்று எடுத்துக்கொண்டேன்.

திட்டம்

மே மாதக் கடைசி. புதன்கிழமை சாயங்காலம் வாஷிங்டனில் ஆம்டிராக் ரயில் ஏறி இரவு கம்பர்லாந்தில் தங்கல். சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும், ரயிலில் இடமும் குறைவு என்பதால் பல வாரம் முன்பே பதிவு செய்துவிட்டோம். வியாழன் காலை கிளம்பி லிட்டில் ஆர்லியன்ஸ் தாண்டி ஒரு முகாமிடம், சுமார் 73 கிலோமீட்டர். வெள்ளி வில்லியம்ஸ்போர்ட், 64. சனி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, 62. ஞாயிறு ஜார்ஜ்டவுன், 98.

கடைசி நாளை அவ்வளவு நீளமாக வைத்ததற்கு அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன்: மூன்று நாள் ஓட்டிப் பழகியிருப்போம், முகாம் சாமான் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போகிற ஆசையிலேயே ஓடிவிடும். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

யாராவது நடுவில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'பிரன்ஸ்விக், பாயிண்ட் ஆஃப் ராக்ஸ், இரண்டு இடத்திலும் வாஷிங்டனுக்கு மார்க் ரயில் உண்டு.' அந்த ரயில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடுவது, அந்தத் தடத்தில் சனி ஞாயிறு கிடையாது. நாங்கள் அந்தப் பக்கம் வந்து சேர்வதே சனிக்கிழமை. இதை நான் பார்க்கவில்லை.

டயர் விஷயத்தில் மூன்று பேரும் மூன்று விதம். எனக்கு 40 மில்லிமீட்டர், இளையவருக்கு மலைச் சைக்கிளின் அகல டயர். மூத்தவர் தன் சாலைச் சைக்கிளில் 32 மில்லிமீட்டர் டயர் போட்டு 85 பிஎஸ்ஐ காற்று அடித்திருந்தார். 'சாமான் ஏத்தினா ரிம் அடிச்சு பஞ்சர் ஆகும், கெட்டியா இருக்கட்டும்' என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அகலம் கூட்டினால் காற்றைக் குறைத்தும் பஞ்சர் இல்லாமல் ஓட்டலாம் என்பதை அப்போதே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நான் 'சரி, 32 போகும்' என்று சொல்லிவிட்டேன். தாளில் அது ஒரு வரி.

முதல் நாள்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பாதை காய்ந்திருந்தது. மண்ணும் பொடிக்கல்லும் கலந்த தரை, நடுவில் புல், இரண்டு பக்கமும் சக்கரத் தடம். மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் சாதாரணமாக வந்தது. ஒரு பக்கம் பழைய கால்வாய்க் குட்டையில் ஆமைகள் கட்டைமேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் மரங்களுக்கு அப்பால் பொட்டோமாக் ஆறு. அந்த நாலு மணி நேரத்துக்காகவே திரும்பப் போகலாம்.

மதியம் பா பா சுரங்கம். 3,118 அடி நீளம், 1836-இல் தொடங்கிய வேலை, முடியப் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது. உள்ளே விளக்கு கிடையாது, பாதை குறுகல், சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே மூத்தவர் கைகளை உதறிக்கொண்டே நடந்தார். நான் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் முதல் அறிகுறி அதுதான்.

முகாமிடத்தில் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இந்தப் பாதையில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் சில மைலுக்கு ஒன்றாக இலவச முகாமிடங்கள் உண்டு. மேசை, அடுப்பு வளையம், கழிப்பிடம், ஒரு அடிபம்பு இருக்கும். தண்ணீரில் அயோடின் கலந்திருப்பதால் மருந்து வாசனை வரும், பழகிக்கொள்ளலாம். நாங்கள் தங்கிய இடத்தில் பம்பின் கைப்பிடி இல்லை. தண்ணீரைச் சோதித்துச் சரியில்லை என்றால் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், குளிர்காலத்திலும் அப்படித்தான். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, ஆனால் மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர்தான் மிச்சம். இளையவர் எல்லாப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பின்னால் போய் வேறொரு பம்பில் பிடித்து வந்தார். இருட்டிவிட்டது. அன்று சமையல் ஒன்பது மணிக்கு.

ராத்திரி நல்ல மழை.

இரண்டாம் நாள்

காலையில் கால்வாய்ப் பாதை சேறாகிக் கிடந்தது. இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. லிட்டில் ஆர்லியன்ஸ் பக்கத்திலிருந்து ஹான்காக் வழியாக ஃபோர்ட் ஃபிரெடரிக் பக்கம் வரை, கால்வாய்ப் பாதைக்கு இணையாக வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில் என்று தார் போட்ட பாதை ஓடுகிறது, பழைய ரயில் தடம். இண்டிகோ சுரங்கத்தில் வௌவால்கள் தங்குவதால் அந்த இடத்தில் மட்டும் கால்வாய்ப் பாதைக்கு இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். திட்டத்தில் அது கிடையாது, 'கால்வாயிலேயே முழுசா வரணும்' என்று இளையவருக்கு ஆசை. காலையில் பத்து நிமிஷம் பேசி மாற்றினோம். அந்த முடிவு நல்ல முடிவு, ஹான்காக் வரை வேகமும் வந்தது, மூத்தவரும் உற்சாகமாக இருந்தார்.

தார் முடிந்த இடத்திலிருந்து வில்லியம்ஸ்போர்ட் சுமார் இருபது கிலோமீட்டர். அதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் சுற்ற மறுத்தது, குச்சியால் தோண்டித் தோண்டிப் போனோம், கடைசியில் நான் என் முன் மட்கார்டைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டேன். வேர்களும் கற்களும் சேற்றுக்கடியில் தெரியவில்லை. குறுகிய டயர் வைத்திருந்த மூத்தவருக்குச் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்ததால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்புப் பாரத்தை முன்னால் கொடுத்து ஓட்டினார். பின்னாலிருந்து பார்த்தபோது அவர் தோள் காதுவரை ஏறியிருந்தது.

வில்லியம்ஸ்போர்ட்டில் அறை எடுத்தோம். சாப்பிடும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருப்பதாக முதல் முறை சொன்னார். 'வலிக்குதா அண்ணா?' என்றேன். 'வலியெல்லாம் இல்லப்பா, தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்றார். வலி இல்லை என்றதும் நானும் விட்டுவிட்டேன். நரம்பு விஷயத்தில் வலி இல்லாமலிருப்பது நல்ல செய்தி அல்ல என்று எனக்கு அன்று தெரியாது.

மூன்றாம் நாள்

காலையில் இடது கை சரியாகியிருந்தது, வலது கை சரியாகவில்லை. கிளம்பலாம் என்றார், கிளம்பினோம். மழை விட்டிருந்தது, பாதை பாதி காய்ந்து மேடு பள்ளமாக இறுகியிருந்தது. ஈரத்தைவிட இது மோசம், ஒவ்வொரு தடத்திலும் ஹேண்டில்பார் அதிர்ந்தது.

பிக் ஸ்லாக்வாட்டர் என்ற இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி ஆற்றின் மேலேயே கான்கிரீட் பாதை போட்டிருக்கிறார்கள், 2012-இல் திரும்பக் கட்டியது. அதில் ஓட்டும்போது 'இப்போ கொஞ்சம் தேவலாம்' என்று அவராகவே சொன்னார். திரும்ப மண் பாதைக்கு வந்த பத்து நிமிஷத்தில் கையை உதற ஆரம்பித்தார். முந்தின நாள் தார்ப் பாதையிலும் இதே கதைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரச்சினை தூரத்தில் இல்லை, அதிர்வில் இருந்தது. அதோடு தரை தட்டையாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. மலைப்பாதை என்றால் ஏற்றத்தில் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவோம், கை இடம் மாறும், உட்காரும் விதம் மாறும். இங்கே காலை எட்டு மணிக்கு வைத்த கை சாயங்காலம் வரை அதே இடத்தில் இருக்கிறது.

ஷெப்பர்ட்ஸ்டவுனுக்குப் போகும் பாலத்தடியில் அவர் டயரில் காற்றைக் குறைத்தோம், ஹேண்டில்பாரில் டவல் சுற்றினோம், முன்பக்கச் சாமானை நான் வாங்கிக்கொண்டேன். உண்மையில் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாலம் தாண்டினால் ஊர், காலை பதினொன்றரை மணி, யாரையும் வரச்சொல்ல நேரம் நிறைய இருந்தது. அது என் மனதில் வரவே இல்லை, ஏனென்றால் தாளில் ஷெப்பர்ட்ஸ்டவுன் 'மதியச் சாப்பாடு' என்று மட்டும் இருந்தது.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் எடுத்த முடிவு

கால்வாய்ப் பாதையிலிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊருக்குள் போக, ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்துக்கு ஒரு சுருள் இரும்புப் படி ஏற வேண்டியிருந்தது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு. மூத்தவர் நாலாவது படியில் பிடி நழுவிச் சைக்கிளை விட்டுவிட்டார். பின்னால் இளையவர் இருந்ததால் பிடித்துக்கொண்டார். யாருக்கும் அடியில்லை. மேலே போனதும் மூத்தவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி நர்ஸ். வீடியோவில் கூப்பிட்டோம். விரல்களை விரிக்கச் சொன்னார், வலது கையில் சரியாக விரியவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரல் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி, அதை என்னை இழுக்கச் சொன்னார். தாள் அப்படியே வந்துவிட்டது. 'மரத்துப்போறது வேற, பலம் போறது வேற. இதோட ஓட்டக் கூடாது' என்றார். இதில் பேச்சுக்கு இடமில்லை, பிரேக் பிடிக்க வேண்டிய கை.

எப்படித் திரும்புவது என்பதுதான் கேள்வியானது. என் தாளில் இருந்த பிரன்ஸ்விக் ரயில் சனி ஞாயிறு இல்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். ஆம்டிராக் மறுநாள்தான், அதற்கும் சைக்கிள் இடம் முன்பதிவு வேண்டும். ஒரு ராத்திரி தங்கி காலையில் பார்க்கலாம் என்று அவரே கேட்டார், 'இன்னும் ஒரே ஒரு நாள்தானப்பா.' காலையில் கை கொஞ்சம் தேவலாம் என்று தோன்றிவிட்டால் அவர் கிளம்பிவிடுவார், நானும் தடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் ராத்திரியே போவது என்று முடிவு செய்தோம். அவர் மனைவி கார் எடுத்து வந்தார், ஒன்றரை மணி நேர ஓட்டம்.

இளையவர் 'நானும் மாமாவோட போயிடறேன்' என்றார். மூத்தவர்தான் 'நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு வாங்க' என்று சொல்லிக் கூடாரம், அடுப்பு எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் தொடர்ந்ததற்கு அதுதான் காரணம், எங்கள் இருவருக்கும் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, சாமானும் போய்விட்டது.

நான்காம் நாள்

98 கிலோமீட்டர். மொனோகசி ஆற்றின் மேல் கால்வாய் போகும் ஏழு வளைவுக் கல் பாலம், 1833-இல் கட்டி முடித்தது, அதன் மேல் சைக்கிளை நிறுத்தி மூத்தவருக்குப் படம் அனுப்பினோம். பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் தாண்டியபின் சாப்பாட்டுக்குக் கையில் இருந்ததுதான். கிரேட் ஃபால்ஸ் நெருங்கியதும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குழந்தைகள், நாய்கள், தள்ளுவண்டிகள். மணியடித்துக்கொண்டே நடக்கிற வேகத்தில் வந்தோம். கடைசி இருபத்து மூன்று கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். ஜார்ஜ்டவுனில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் பூஜ்ய மைல் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. கை சரியாக இருந்திருந்தாலும் மூத்தவருக்கு இந்த நாள் அதிகம் என்பது எனக்கு மறுப்பில்லாமல் தெரிந்தது.

அதற்குப் பிறகு

மணிக்கட்டில், உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்தில், அல்நார் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பிரச்சினைதான் இது. ஆறு வாரம் சைக்கிள் வேண்டாம், ராத்திரி மணிக்கட்டுப் பட்டை போடச் சொன்னார். மரமரப்பு ஐந்து வாரத்தில் போனது. பலம் முழுதாகத் திரும்ப மூன்று மாதம் ஆனது. சட்டைப் பித்தான் போடவும், சாவி திருப்பவும் அவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். இன்னொரு நாள் ஓட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டோம், அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது, நிறுத்தியது நல்லது என்று மட்டும் சொன்னார்.

மாற்றியது, மாற்றாதது

கம்பர்லாந்திலிருந்து கீழ்நோக்கி வருவது, போகும்போது ரயில், மே மாதம், இவை மூன்றையும் மாற்ற மாட்டேன்.

டயர் இனி பேச்சுக்கே இடமில்லாத விஷயம். இந்தப் பாதைக்குக் குறைந்தது 40 மில்லிமீட்டர், ஆளின் எடையையும் சாமானையும் பார்த்து 35 முதல் 45 பிஎஸ்ஐ. ஒருவருடைய சைக்கிளில் அவ்வளவு அகலம் நுழையாது என்றால் வேறு சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது அவர் வரும் பாதையை மாற்ற வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்துவது, கை வைக்க இரண்டாவது இடம் தரும் கொம்பு மாட்டுவது, மெத்தைக் கையுறை, இவை அதற்கு அடுத்தது. கையுறை மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், மூத்தவர் நான்கு நாளும் கையுறை போட்டிருந்தவர்தான், அதாவது ஓட்டிய மூன்று நாளும்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்க வேண்டும். களைப்பு வந்தால் இறங்கலாம் என்பது தட்டைப் பாதையில் வேலைக்கு ஆகாது, களைப்பே தெரியாது. மைல் கல்லை வைத்து நான்கு மைலுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது சுலபம்.

தண்ணீர் ஒரு முகாமிடத்துக்கு மேலான தூரத்துக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும், கூடவே ஒரு வடிகட்டி. கிளம்பும் வாரத்தில் எந்தப் பம்பில் தண்ணீர் வருகிறது, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று பூங்கா அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

நாட்களை ஐந்தாகப் பிரிப்பேன். ஒரு நாள் மழைக்கு. கடைசி நாள் ஐம்பது கிலோமீட்டருக்குள், முடிந்தால் வார நாளில்.

நிறுத்தும் விதியைக் கிளம்புவதற்கு முன்பே மூன்று பேரும் பேசி வைக்க வேண்டும், ஏனென்றால் பாதையில் வைத்துப் பேசினால் ஓட்டுகிறவர் எப்போதும் இன்னும் ஒரு நாள் கேட்பார். மரமரப்பு ஒரு ராத்திரி தூங்கியும் போகவில்லை என்றால் அன்று ஓட்டுவதில்லை. தாள் பிடிக்கும் சோதனையில் தாள் வந்துவிட்டால் அந்த இடத்திலேயே பயணம் முடிந்தது.

அப்புறம் அந்தத் தாள். புதிதாக எழுதியதில் தங்குமிடத்துக்கு ஒரு வரிதான், விட்டுப் போகும் இடத்துக்குத்தான் அதிக வரிகள். ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட், ஷெப்பர்ட்ஸ்டவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, பிரன்ஸ்விக், பாயிண்ட் ஆஃப் ராக்ஸ்: ஒவ்வொன்றுக்கும் மைல் எண், கார் எங்கே வரலாம், ரயில் உண்டா, எந்தக் கிழமை, சைக்கிள் ஏற்றுவார்களா, யாரைக் கூப்பிடுவது.

அக்டோபரில் மூத்தவர் விட்ட இடத்திலிருந்து மிச்ச 98 கிலோமீட்டரை இரண்டு நாளாக ஓட்டினார், வாடகைக்கு எடுத்த 45 மில்லிமீட்டர் டயர் சைக்கிளில், ஒரு வியாழனும் வெள்ளியும். நானும் கூடப் போனேன். மொனோகசி பாலத்தில் இறங்கி, நான் கேட்காமலே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, 'இழு பார்ப்போம்' என்றார். இழுத்தேன். வரவில்லை.